ஆட்சேபிக்கிறேனா, மறுக்கிறேனா? மனுவுலயும் நோட்டீஸ் பதில்லயும் எதை எங்க எழுதணும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்துல நாகர்கோவில், தக்கலை, குழித்துறை பக்கம் கோர்ட், தாலுகா ஆபீஸ் வாசல்ல நிக்கிற நிறைய பேர் கையில ஒரு நோட்டீஸ் இருக்கும், அதுக்கு பதில் எழுதணும், ஆனா எந்த வார்த்தையில எழுதணும்னு தெரியாம "அவன் சொல்லுகது எல்லாம் பொய்யாக்கும்"னு மட்டும் எழுதிட்டு வந்துருவாங்க. நான் மனு எழுதிக் குடுக்கிற ஆளு, வக்கீல் கிடையாது. என்கிட்ட மக்கள் திரும்பத் திரும்ப கேக்கிறதை இங்க எழுதுறேன். கேஸ்னு வந்துட்டா வக்கீலைப் பாக்கணும், அதுல ரெண்டு பேச்சு வேண்டாம்.

ஆட்சேபித்தல்னா என்ன அர்த்தம்?

ஒருத்தர் ஒண்ணு கேக்கிறார், இல்ல ஒண்ணு செய்யப் போறார், இல்ல எனக்கு இந்த உரிமை இருக்குன்னு சொல்றார், அதை ஏத்துக்க முடியாது, இன்ன காரணம்னு முறையா சொல்றதுதான் ஆட்சேபிக்கிறது. இதுல காரணம் ரொம்ப முக்கியம். வெறுமனே "எனக்குப் பிடிக்கல"ன்னா அது ஆட்சேபணை ஆகாது. "மேற்படி பட்டா மாறுதலை ஆட்சேபிக்கிறேன், ஏனென்றால் வஸ்து இன்னும் பாகம் பிரிக்கப்படவில்லை"ன்னு எழுதினாத்தான் அது முழுசான வாக்கியம். நம்ம மாவட்டத்துல வஸ்துன்னா நிலம், வெளியூர்ல இருந்து படிக்கிறவங்களுக்காக சொல்றேன்.

சம்ஸ்கிருதத்துல ஆக்ஷேபம், அதுதான் தமிழ்ல ஆட்சேபம் ஆச்சு. பேச்சுல யாரும் "ஆட்சேபிக்கேன்"னு சொல்றதில்ல, "எனக்கு சம்மதம் இல்ல"ன்னுதான் சொல்லுவோம். எழுத்துல, அதுவும் அதிகாரி முன்னாடி வைக்கிற எழுத்துலதான் இந்த வினைக்கு வேலை.

அப்போ மறுக்கிறேன்னு எழுதினா போதாதா? ரெண்டும் ஒண்ணுதானே?

ஒண்ணு இல்ல. இந்த ஒரு இடத்தைப் புரிஞ்சுக்கிட்டா பாதி மனு சரியாயிரும். நடந்ததா நடக்கலையாங்கிற விஷயத்துக்கு மறுக்கிறேன். செய்யலாமா செய்யக்கூடாதாங்கிற விஷயத்துக்கு ஆட்சேபிக்கிறேன்.

பக்கத்து விளைக்காரர், அதாவது பக்கத்து தோட்டக்காரர், "உங்க வஸ்து வழியா எனக்கு பாதை உண்டு, லாரி கொண்டு போவேன்"னு நோட்டீஸ் விடுறார்னு வைங்க. அங்க நடைபாதை இருக்கிறது உண்மை, ஊருக்கே தெரியும். நீங்க கோவத்துல "பாதை இருப்பதை மறுக்கிறேன்"னு எழுதிட்டீங்கன்னா நாளைக்கு கோர்ட் அனுப்புற கமிஷனர் வந்து இடத்தைப் பாத்ததும் உங்க பேச்சு மொத்தமும் விழுந்துரும். "நடந்து செல்லும் பாதை உண்டு, அதில் லாரி கொண்டு செல்வதை ஆட்சேபிக்கிறேன், அது நடைபாதை மட்டுமே, வாகன உரிமை ஒருபோதும் இருந்ததில்லை, அப்படி இருந்தது என்பதை மறுக்கிறேன்"னு எழுதணும். ஒரே வாக்கியத்துல ரெண்டு வினையும் வருது பாருங்க, ஒவ்வொண்ணும் அதோட வேலையைச் செய்யுது.

மறுக்கிறேன்ல ஏதோ குழப்பம் வரும்னு சொல்றாங்களே?

வரும், பெரிய குழப்பம். தமிழ்ல மறுங்கிற வினைக்கு ரெண்டு வேலை இருக்கு. "பணம் தர மறுத்தார்"னா தரமாட்டேன்னு சொன்னார். "பணம் வாங்கியதை மறுத்தார்"னா வாங்கவே இல்லன்னு சொன்னார். முன்னாடி செய்ய, தர, போட மாதிரி எச்சம் வந்தா முடியாதுங்கிற அர்த்தம். செய்ததை, தந்ததை, போட்டதை மாதிரி ஐ உருபோட வந்தா அப்படி நடக்கலங்கிற அர்த்தம்.

"கையெழுத்துப் போட மறுக்கிறேன்", "கையெழுத்துப் போட்டதை மறுக்கிறேன்". ரெண்டுக்கும் எவ்வளவு தூரம் பாருங்க. முதலாவது இனிமே போடமாட்டேன், ரெண்டாவது அது எனக்க கையெழுத்தே இல்ல. கடன் பத்திரத்துல கள்ளக் கையெழுத்துன்னு சொல்ல வந்தவர் முதலாவது மாதிரி எழுதிட்டா படிக்கிற அதிகாரிக்கு இவர் என்ன சொல்றார்னே புரியாது. அதனால "என்பதை மறுக்கிறேன்"னு எழுதிப் பழகுங்க. "நான் கையெழுத்துப் போட்டேன் என்பதை மறுக்கிறேன்." என்பதைன்னு ஒரு சொல் நடுவுல வந்துட்டா வேற அர்த்தம் எடுக்க வழியே இல்ல.

ஆட்சேபிக்கு இந்தத் தொல்லை கிடையாது. "தர ஆட்சேபித்தார்"னு யாரும் எழுதறதில்ல, தருவதை ஆட்சேபித்தார், தருவதற்கு ஆட்சேபம் தெரிவித்தார், இவ்வளவுதான்.

"எல்லாம் பொய்"ன்னு ஒத்த வரியில எழுதினா என்ன தப்பு சாரே?

அதிகம் பேர் அடிபடுறது இங்கதான், அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன்.

சிவில் நடைமுறைச் சட்டம் 1908, அதுல 8-வது கட்டளைன்னு ஒண்ணு இருக்கு, பிரதிவாதி எப்படி பதில் எழுதணும்னு சொல்றது அதுதான். அதுல 3-வது விதி, பொத்தாம் பொதுவா மறுத்தா போதாது, எதிராளி சொன்ன ஒவ்வொரு சங்கதியையும் தனித்தனியா எடுத்து மறுக்கணும்னு சொல்லுது. 4-வது விதி, நழுவி நழுவி மறுக்காதேன்னு சொல்லுது. 5-வது விதி, நேராவோ உள்ளடக்கமாவோ மறுக்காத, ஒப்புக்கலன்னும் சொல்லாத சங்கதியை ஒப்புக்கிட்டதா எடுத்துக்கலாம்னு சொல்லுது. கோர்ட் நினைச்சா அப்புறமும் நிரூபின்னு கேக்கலாம், அந்த அதிகாரம் கோர்ட்டுக்கு இருக்கு, ஆனா அதை நம்பி நாம உக்கார முடியாது.

நழுவி மறுக்கிறதுன்னா என்ன? சட்டத்துலயே பண உதாரணம் போட்டிருக்கான். இவ்வளவு ரூபா வாங்கினன்னு ஒருத்தர் சொன்னா "அவ்வளவு ரூபா வாங்கல"ன்னு மட்டும் சொன்னா பத்தாது, அதையும் வாங்கல அதுல ஒரு பாகமும் வாங்கலன்னு சொல்லணும், இல்லன்னா எவ்வளவு வாங்கினேன்னு சொல்லணும்.

இதை நம்ம ஊர் விஷயமா மாத்திப் பாப்போம். கருங்கல் பக்கம் ஒரு அக்காவுக்கு வர்ற நோட்டீஸ்னு வைங்க, "நீங்கள் மார்ச் 10-ஆம் தேதி அத்துமீறி நுழைந்து கிழக்கு அதிரில் நின்ற 2 அயனி மரங்களை வெட்டி 40,000 ரூபாய் நஷ்டம் உண்டாக்கினீர்கள்"னு இருக்கு. அதிர்னா எல்லை. அக்கா சொல்றாங்க, "சாரே நான் மார்ச் 10-ந்தேதி ஊர்லயே இல்ல, எனக்க மக வீட்டுல நின்னேன், அதை எழுதுங்க". உண்மையாவே இருக்கட்டும். ஆனா "மார்ச் 10-ஆம் தேதி 2 மரங்களை வெட்டினேன் என்பதை மறுக்கிறேன்"னு மட்டும் எழுதினா என்ன ஆகும்? அப்போ 11-ந்தேதி வெட்டினியா? ரெண்டு இல்லாம ஒண்ணு வெட்டினியா? வெட்டினது உண்மை, 40,000 பெறாதுங்கியா? இவ்வளவு ஓட்டை. ஒரு சங்கதிக்குள்ள தேதி, எண்ணிக்கை, செயல், இடம், தொகைன்னு அஞ்சு இருக்கு, மொத்தத்தையும் சேத்து மறுத்தா ஒண்ணைக்கூட உறுதியா மறுக்கலன்னு ஆயிரும்.

இப்படி எழுதணும்: "நான் மேற்படி தேதியிலோ வேறு எந்தத் தேதியிலோ எதிர்தரப்பின் வஸ்துவில் நுழையவில்லை. கிழக்கு அதிரில் நின்ற எந்த மரத்தையும் நானோ எனக்காக வேறு யாருமோ வெட்டவில்லை. 40,000 ரூபாயோ அதில் ஒரு பகுதியோ நஷ்டம் ஏற்பட்டது என்பதையும் மறுக்கிறேன். மேற்படி தேதியில் நான் ஊரில் இல்லை." ஊர்ல இல்லாத விஷயம் கடைசியில வருது, அது ஆதாரம். மறுப்பு முன்னாடி வரணும்.

அப்புறம் இன்னொண்ணு. உண்மையில மரம் நின்னது அக்காவோட பக்கத்துலதான், அதை அவங்களே வெட்டினாங்கன்னா இந்தப் பதில் பொய்யாயிரும், அப்போ எழுத வேண்டியது வேற: மரத்தை வெட்டியது உண்மை, அது என் அதிருக்குள் நின்றது, எதிர்தரப்பின் வஸ்துவில் நின்றது என்பதை மறுக்கிறேன். பொய்யா மறுக்கிறதுக்கு நான் யாருக்கும் எழுதிக் குடுக்கிறதில்ல, அது அறமும் இல்ல, கேஸும் நிக்காது.

கொஞ்சம் உண்மை, கொஞ்சம் பொய் கலந்து எழுதியிருக்கான், என்ன செய்ய?

உண்மையை ஒத்துக்கிடுங்க, தயங்காதீங்க. "பத்தி 2-ல் கண்டபடி நாங்கள் உடன்பிறந்தவர்கள் என்பது உண்மை. பத்தி 3-ல் கண்டபடி வாய்மொழியாகப் பாகம் பிரித்தோம் என்பது உண்மையல்ல, மறுக்கப்படுகிறது." பத்தி நம்பர் போட்டு எழுதுறது ரொம்ப நல்ல வழக்கம். கடைசியில வக்கீலுங்க ஒரு வரி சேப்பாங்க, "குறிப்பாக ஒப்புக்கொள்ளப்பட்டவை தவிர மற்ற அனைத்தும் மறுக்கப்படுகின்றன"ன்னு. அது காவல் வரி, எழுதலாம், ஆனா அதை மட்டும் எழுதிட்டு ஒவ்வொண்ணா மறுக்காம விட்டா மேல சொன்ன 3-வது விதியில மாட்டுவீங்க.

இன்னொரு வழியும் உண்டு. "நான் பணம் வாங்கவில்லை. வாங்கினேன் என்றே வைத்துக்கொண்டாலும் அந்தக் கடன் காலாவதியாகிவிட்டது". எதிராளி சொன்னதை ஒரு நிமிஷம் ஏத்துக்கிட்ட மாதிரி வச்சு அப்புறம் உடைக்கிறது. இது கோர்ட்டு புதுசா கண்டுபிடிச்ச வித்தை இல்ல. 13-ஆம் நூற்றாண்டுல பவணந்தி முனிவர் எழுதின நன்னூல்ல எழுவகை மதம்னு ஒரு பட்டியல் இருக்கு, அதுல உடன்படல், மறுத்தல் ரெண்டுக்கும் அடுத்து "பிறர்தம் மதமேற்கொண்டு களைவு"ன்னு வருது, அதாவது அடுத்தவன் கொள்கையை முதல்ல ஏத்துக்கிட்டு பிறகு களையிறது. ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணி மறந்துபோன நூற்பா, வக்கீல் நோட்டீஸ்ல உயிரோட இருக்கு. ஆனா எழுதும்போது "என்றே வைத்துக்கொண்டாலும்"ங்கிற சொல்லை விட்டுறாதீங்க, விட்டா நீங்க ஒத்துக்கிட்டதா ஆயிரும்.

அவன் சொல்றது எனக்குத் தெரியவே தெரியாது, அதை எப்படி மறுக்க?

எதிராளிக்கும் மூணாவது ஆளுக்கும் நடுவுல நடந்ததை நீங்க எப்படி பொய்யின்னு சொல்லுவீங்க? "பத்தி 5-ல் கண்ட சங்கதி எனக்குத் தெரியாது, அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை, அதை எதிர்தரப்பினர் நிரூபிக்க வேண்டியது"ன்னு எழுதணும். வெறும் "தெரியாது"ன்னு நிறுத்தக்கூடாது, "ஒப்புக்கொள்ளவில்லை" கட்டாயம் வேணும். அதே நேரம் உங்களுக்கே நேரா தெரிஞ்சிருக்க வேண்டிய விஷயத்துக்கு, உங்க கையெழுத்து, உங்க அக்கவுண்ட், இதுக்கெல்லாம் தெரியாதுன்னு எழுதினா யாரும் நம்ப மாட்டாங்க.

பழைய மலையாள ஆதாரத்தைக் காட்டி உரிமை கேக்கிறாங்க, அந்த ஆதாரத்தையே மறுக்கணுமா?

நம்ம மாவட்டத்துக்கே உரிய கேள்வி இது. 1956 நவம்பர் 1 வரைக்கும் நாம திருவிதாங்கூர், அப்புறம் திருவிதாங்கூர்-கொச்சியில இருந்தோம், அதனால விளவங்கோடு, கல்குளம் பக்கம் பத்திரத்தை ஆதாரம்னுதான் சொல்லுவோம், மலையாளத்துல எழுதி, கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள வருஷக் கணக்கு, போட்ட ஆதாரம் இன்னும் வீட்டுப் பெட்டியில கிடக்கு. கொல்லம் 1110-ன்னா 1934 ஆகஸ்ட்ல இருந்து 1935 ஆகஸ்ட் வரை, இதை முதல்ல கணக்குப் போட்டுப் பாருங்க.

பதிவான ஆதாரத்தை "அப்படி ஒன்று இல்லை"ன்னு மறுக்காதீங்க, நகல் எடுத்தா வந்துரும். முதல்ல மலையாளம் வாசிக்கத் தெரிஞ்சவர்கிட்ட எல்லையை வாசிச்சுக் கேளுங்க. நிறைய நேரம் ஆதாரம் நெசமாவே இருக்கும், ஆனா அதுல சொன்ன நாலு எல்லை இப்போ கேக்கிற இடத்துக்கு பொருந்தாது. அப்போ எழுத வேண்டியது: "மேற்படி ஆதாரம் இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். அது தாவா வஸ்துவுக்குப் பொருந்தும் என்பதை மறுக்கிறேன். அதன் அடிப்படையில் பட்டா மாற்றுவதை ஆட்சேபிக்கிறேன்." தாவா வஸ்துன்னா தகராறுல இருக்கிற நிலம். ஒப்புக்கொள்கிறேன், மறுக்கிறேன், ஆட்சேபிக்கிறேன், மூணும் மூணு இடத்துல அழகா உக்காந்திருக்கு.

பட்டா மாறுதலுக்கு ஆட்சேபணை மனு யாருக்கு எழுதணும்?

தாசில்தாருக்கு. சர்வே நம்பர், உட்பிரிவு, கிராமம், பரப்பு, விண்ணப்பிச்சவர் பேரு, உங்க உரிமை எதுல இருந்து வருது, என்ன காரணத்துக்காக ஆட்சேபிக்கிறீங்க, எந்த நகல் சேத்திருக்கீங்க, இவ்வளவும் வேணும். குடும்பக் கதை ஒரு பக்கம் எழுதாதீங்க. உரிமையிலயே உண்மையான தர்க்கம் இருந்தா தாசில்தார் தீர்க்க முடியாது, சிவில் கோர்ட்டுல தீர்த்துட்டு வாங்கன்னு சொல்லுவாங்க. உத்தரவு உங்களுக்கு எதிரா வந்தா மேல்முறையீடு வருவாய் கோட்ட அலுவலர்கிட்ட, நம்ம மாவட்டத்துல நாகர்கோவில், பத்மநாபபுரம்னு ரெண்டு கோட்டம், எதுல உங்க கிராமம் இருக்குன்னு பாத்துப் போங்க.

வாக்காளர் பட்டியல்ல ஒரு பேரை ஆட்சேபிக்கிறதுக்கு மனு வேண்டாம், படிவம் 7 இருக்கு.

ஆட்சேபணையா ஆட்சேபனையா?

ரெண்டும் புழக்கத்துல இருக்கு. மூலச்சொல்லுக்கு கிட்ட நிக்கிறது ணை, நான் அதைத்தான் எழுதுறேன். எதுன்னாலும் ஒரே மனுவுல ஒரே மாதிரி எழுதுங்க. ஆட்சேபம்னும் எழுதலாம். "ஆட்சேபகரமான"னா வேற, அது தகாதுங்கிற அர்த்தம். ஆட்சேபணை இல்லைங்கிறதுக்குத்தான் தடையில்லாச் சான்றுன்னு பேரு.

மறுதலிக்கிறேன், எதிர்க்கிறேன், கண்டிக்கிறேன், இதெல்லாம் எழுதலாமா?

மறுதலிக்கிறதுன்னதும் நம்ம ஊர்ல யாருக்கும் ஞாபகம் வர்றது பைபிள்ல சீடர் பேதுரு சேவல் கூவுறதுக்குள்ள மூணு தடவை இயேசுவைத் தெரியாதுன்னு சொன்னதுதான். அந்த வினையில ஒரு ஆளை, ஒரு உறவை இல்லன்னு சொல்ற வலி இருக்கு. நோட்டீஸ் பதிலுக்கு அது பொருந்தாது. எதிர்க்கிறேன்னா நிலைப்பாடு, போராட்டத்துக்கு சரி, ஒரு சங்கதியை மறுக்க அது பத்தாது. கண்டிக்கிறேன் அறிக்கைக்கு, அதை தாலுகா ஆபீஸ்ல எழுதி ஒரு பலனும் இல்ல.

நியூஸ்ல "குற்றச்சாட்டை மறுத்தார்"னு போடுறாங்க, அப்போ அது பொய்னு ஆயிருச்சா?

இல்ல. மறுத்தார்னா இல்லன்னு சொன்னார், அவ்வளவுதான். பொய்யின்னு காட்டினா "தவறென நிரூபித்தார்", "நிறுவினார்"னு எழுதணும். வாட்ஸ்அப்புல இந்த ரெண்டையும் போட்டுக் குழப்பி ஒருத்தர் மறுத்ததுமே "பொய்யின்னு தெரிஞ்சுபோச்சு"ன்னு பரப்புறாங்க, மறுபக்கம் "மறுத்தாரே தவிர நிரூபிக்கல, அப்போ உண்மைதான்"னும் சொல்றாங்க. ரெண்டும் தப்பு. சொன்னவன்தான் நிரூபிக்கணும், மறுத்தவன் இல்ல, சட்டத்துல பொதுவான முறையும் அதுதான். செக் கேஸ் மாதிரி சிலதுல மட்டும் கடனுக்குத்தான் செக் குடுத்தார்னு சட்டமே முதல்ல ஊகிச்சுக்கும், அதை உடைக்கிற வேலை செக் குடுத்தவருக்கு.

கூண்டுல ஏறி நின்னா மறுக்கிறேன்னு சொல்லணுமா?

வேண்டாம். அங்க வேற நடை. எதிர் வக்கீல் "நீங்க பொய் சாட்சி சொல்றீங்க"ன்னு கேப்பார், நீங்க "இல்ல, சரியில்ல"ன்னு சொன்னா போதும், வாக்குமூலத்துல அது "நான் பொய் சாட்சி சொல்கிறேன் என்றால் சரியல்ல"ன்னு பதிவாகும். பழைய கேஸ் கட்டை எடுத்து வாசிச்சா பக்கம் பக்கமா என்றால் சரியல்ல, என்றால் சரியல்லன்னு இருக்கும். சில பேருக்கு அதை வாசிச்சதும் பயம் வந்துரும், நான் ஏதோ ஒத்துக்கிட்ட மாதிரி இருக்கேன்னு. இல்ல, முன்பாதி வக்கீல் சொன்னது, சரியல்லங்கிறது மட்டும்தான் உங்க பதில். "ஆட்சேபிக்கிறேன்"னு எழுந்து சொல்றது வக்கீலோட வேலை, அது சாட்சிக்கு இல்ல.

இப்படி மறுத்து மறுத்து எழுதுறது சண்டையை வளக்கிறது இல்லையா?

நான் அப்படி நினைக்கல. விளவங்கோடு பக்கம் அதங்கோடு இருக்கு. தொல்காப்பியத்தைக் கேட்ட அதங்கோட்டாசான் இந்த ஊர்க்காரர்னு நம்ம மாவட்டத்துல பெருமையா சொல்லுவோம். நச்சினார்க்கினியர் உரையில ஒரு கதை வருது, அந்த நூலைக் கேக்காதேன்னு அகத்தியர் சொல்லிட்டார், நூலைச் செஞ்சவரோ கேக்கணும்னு நிக்கிறார், அதங்கோட்டாசான் ரெண்டு பேரையும் விட முடியாம, கேட்டு குத்தம் சொல்லிடறேன்னு உக்காந்து குத்தம் சொல்லிக்கிட்டே வந்தார், தொல்காப்பியர் ஒவ்வொண்ணுக்கும் விடை சொன்னார், பாயிரத்துல "அரில்தப"ன்னு வர்றது அதைத்தான்னு உரை சொல்லுது. அரில்னா குற்றம், சிக்கல். ஒவ்வொண்ணா கேட்டு ஒவ்வொண்ணா பதில் சொன்னதுல சிக்கல் தீந்துச்சு. அதிர்ல நின்னு கத்துறதைவிட பத்தி போட்டு மறுக்கிறது எவ்வளவோ மேல். எதிராளியும் வாசிப்பான், எதுல தர்க்கம் எதுல தர்க்கம் இல்லன்னு தெரியும், சில நேரம் மிஞ்சுறது ஒரு அடி மண்ணா இருக்கும், அதைப் பேசித் தீத்துருவாங்க.

பதில் போடாம விட்டா என்ன? எத்தனை நாள் டைம்?

வக்கீல் நோட்டீஸுக்கு பதில் போடாட்டா தோத்துட்டன்னு சட்டம் சொல்லல. ஆனா பின்னாடி கேஸ் வரும்போது "அப்பவே ஏன் மறுக்கல"ன்னு கேப்பாங்க, கோர்ட் அதை உங்களுக்கு எதிரா எடுத்துக்கவும் வாய்ப்பு உண்டு. அதனால போட்டுருங்க. கோர்ட் சம்மன் வந்தா கதை வேற, சிவில் கேஸ்ல எதிருரை, அதாவது கோர்ட்டுக்கு எழுதுற பதில், தாக்கல் பண்ண சம்மன் கிடைச்ச நாள்ல இருந்து 30 நாள், காரணம் சொன்னா கோர்ட் 90 நாள் வரைக்கும் நீட்டலாம். செக் திரும்பின நோட்டீஸ்னா கிடைச்சதுல இருந்து 15 நாளுக்குள்ள பணம் கட்டணும், கடனே இல்லன்னு மறுக்கிறதா இருந்தாலும் அந்த 15 நாளுக்குள்ளயே பதில் போயிரணும்.

நோட்டீஸ் கவர் மேல உள்ள போஸ்ட் ஆபீஸ் முத்திரையைக் கிழிச்சுப் போடாதீங்க, என்னைக்கு கிடைச்சுதுன்னு அதுலதான் இருக்கு. பதிலை ஒப்புகையோட தபால்ல அனுப்புங்க. தாலுகா ஆபீஸ்ல குடுக்கிறதா இருந்தா ரெண்டு காப்பி கொண்டு போங்க, ஒண்ணுல பெறப்பட்டதுன்னு சீலும் தேதியும் வாங்கிட்டு வாங்க. சீல் இல்லாத காப்பியோட வீட்டுக்கு வராதீங்க.